எஞ்சினின் கீழ்ப்பாகத்தைக் கழற்றி மறுபடி பெயின்ற் பூசுதல்

திருகோணமலையில் வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகுகள் கரையேறிவிடுவதால், படகின் பின்புறம் வெளியே பூட்டும் எஞ்சினின் கீழ்ப்பாகத்தை, அதாவது கியரும் புரொப்பெல்லரும் உள்ள பகுதியை, கழற்ற அதுவே வசதியான காலம். ஆனால் பெயின்ற் பூசுவதை மழை விட்டு உலோகம் நன்றாகக் காயும் நாள்வரை தள்ளிப்போட வேண்டும். கழற்றாமல் மேலோட்டமாகப் பூசினால், போல்ட் தலைகளின் அடியில் தங்கிய உப்பு அலுமினியத்தை அரித்துக்கொண்டே இருக்க, புதுப் பெயின்ற் கொப்பளித்து உரிந்துவிடும்.

முதலில் ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிட வேண்டும். அடுத்து கியர்ப் பெட்டியின் அடித்திருகையும் மேல்திருகையும் திறந்து கியர் ஒயிலை வடிக்க வேண்டும். அது பால்போல வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பெயின்றுக்குச் செலவழிப்பது வீண். நட்டு கழலாமல் பூட்டியிருக்கும் கொட்டர் பின்னை இழுத்துப் புரொப்பெல்லரைக் கழற்றும்போது, நட்டையும் வாஷர்களையும் வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைக்கலாம்.

புரொப்பெல்லருக்கு மேலுள்ள சிறு துடுப்பைக் கழற்றுமுன் அதன் கோணத்தைக் கீறி அடையாளமிட வேண்டும். கோணம் மாறினால் சுக்கான் பிடி ஒரு பக்கமாக இழுக்கும். சில மாதிரிகளில் கீழ்ப்பாகத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று இதன் அடியில் மறைந்திருக்கும். போல்ட்டுகளோடு கியர் மாற்றும் கம்பியின் இணைப்பையும் விடுவித்த பின்னரே கீழ்ப்பாகம் நேராக இறங்கும். இறுகிய போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருகினால் உள்ளேயே முறியும். துரு இளக்கும் ஒயில் விட்டு ஓர் இரவு பொறுத்து, எரிபொருளை அப்புறப்படுத்திவிட்டு, சுற்றியுள்ள அலுமினியத்தை மெல்லச் சூடாக்கினால் பெரும்பாலும் இளகும். கொட்டியாரக்குடாவில் மகாவலி கொண்டுவரும் மணல் கலந்த நீரில் ஓடிய எஞ்சினாயின், தண்ணீர்ப் பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரையும் இப்போதே மாற்றிவிடலாம்.

நன்னீரில் கழுவிக் காய்ந்ததும், வெள்ளைப் பொடி படிந்த குழிகளை அடிவரை தேய்க்க வேண்டும். இரும்புக் கம்பித் தூரிகை கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பை வளர்க்கும். மணற்றாளே போதும். சீல்களையும், தண்டுகளையும், பொருந்தும் முகங்களையும், நீர் உள்வாங்கும் துளைகளையும் ஒட்டுநாடாவால் மூடி, தேய்த்த அன்றே அடிப்பூச்சாக எபொக்சி பிரைமர் பூசி, அதன்மேல் பெயின்ற் பூச வேண்டும். செம்பு கலந்த படகடிப் பெயின்ற் அலுமினியத்துக்குப் பகை. துத்தநாகக் கட்டியில் எந்தப் பெயின்றும் படக்கூடாது, பட்டால் அது தன்னைக் கரைத்து எஞ்சினைக் காக்கும் வேலை நின்றுவிடும்.

மீளப் பூட்டும்போது செலுத்துத் தண்டின் பல்வரிகளில் மட்டும் கிறீஸ் தடவ வேண்டும். தண்டின் உச்சியில் தடவினால் கிறீஸ் அடைபட்டுத் தண்டு முழுதாக அமராது. திருகுகளுக்குப் புது வாஷர் இட்டு, மேல்துளையில் வழியும்வரை கியர் ஒயிலை அடித்துளை வழியாகவே ஏற்ற வேண்டும்.