எழுபதில் முழங்கால் மூட்டு மாற்று: முடிவெடுப்பது எப்படி

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, திருத்தணி என்று ஆந்திர எல்லையை ஒட்டி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் எழுபதைத் தொட்ட ஒருவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டால், அவரைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். சென்னையில் இருக்கும் மகன் உடனே அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறான், சம்பந்தியம்மா "இந்த வயசுக்கு மேல கத்தி வைக்கணுமா அண்ணி?" என்கிறார், பக்கத்து வீட்டில் புத்தூர் கட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். எல்லாம் அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் மூட்டு மாற்று என்பது அவசர சிகிச்சை அல்ல. யோசிக்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், எக்ஸ்ரே படத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த முதியவரின் ஒரு வாரத்தைக் கவனியுங்கள். எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்கிறார், வலியால் இரவில் எத்தனை முறை விழிக்கிறார், கழிப்பறையிலிருந்து எழ எதைப் பிடிக்கிறார், எந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் தவிர்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பேருந்திலிருந்து இறங்குவதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மூட்டு மோசமாக இருப்பவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலிக்கிற காலை முதலில் தரையில் வைத்து, அடுத்த காலை இழுத்துக்கொண்டு இறங்குவார். நடத்துநர் விசில் ஊதுவதற்குள் இறங்க முடியாதோ என்ற பயத்தில் பயணத்தையே விட்டுவிடுவார். மருத்துவரிடம் "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்று சொல்வதைவிட இந்த நோட்டைக் காட்டுவது பல மடங்கு பயன் தரும்.

எக்ஸ்ரேவை நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. படத்தில் நான்காம் நிலைத் தேய்மானம் (அதுதான் கடைசி நிலை) இருந்தும் சந்தைக்கு நடந்து போய் வருபவர்கள் உண்டு. இரண்டாம் நிலையிலேயே தவிப்பவர்களும் உண்டு. எனவே படம் மட்டும் முடிவைச் சொல்லாது. இடுப்பு மூட்டிலோ முதுகுத்தண்டிலோ உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவதும் உண்டு. இடுப்பையும் சோதித்துப் பார்த்தாரா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

புத்தூர் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலும்பு முறிவுக்கு மூலிகைப் பற்றும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டும் அந்த வைத்தியத்தின் மீது நம் வட்டாரத்துக்கு இருக்கும் நம்பிக்கை தலைமுறைகளாக வந்தது. ஆனால் இங்கே எலும்பு முறியவில்லை. எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது. தேய்ந்த குருத்தெலும்பைக் கட்டு வளர்க்காது. மாறாக, முழங்காலை வாரக்கணக்கில் அசையாமல் கட்டி வைத்தால் தொடைத் தசை மெலிந்து, மூட்டு இறுகி, நிலைமை இன்னும் கெட்டுப்போகும்.

அடுத்தது, கத்தி இல்லாத சிகிச்சைக்கு நேர்மையாக மூன்று மாதம் கொடுப்பது. பலரும் "எல்லாம் செய்து பார்த்தாயிற்று" என்பார்கள். விசாரித்தால் தைலமும் வலி மாத்திரையும் மட்டுமே செய்திருப்பார்கள். முக்கியமான மருந்து தொடைத் தசைப் பயிற்சிதான். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை ஐந்து வினாடி கீழே அழுத்திப் பிடித்து விடுவது. பிறகு முழங்காலை மடக்காமல் காலை ஓர் அடி உயர்த்தி நிறுத்துவது. இவற்றை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டு தினமும் இரண்டு வேளை செய்ய வேண்டும். உடல் எடை கூடியவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானோர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும், இரத்த அழுத்தத்தைக் கூட்டும்; மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல் அதைவிடப் பாதுகாப்பானது. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் ஆறுதல் தரலாம்; ஆனால் அதைப் போட்ட பின் மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடும். ஊசி போட்ட தேதியை அந்த நோட்டிலேயே குறித்து வையுங்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் இரவுத் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள் நடப்பதே பாடாக இருக்கிறது என்றால், அறுவை சிகிச்சையைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். அந்த நிலையில் வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது, 75 வயதில், 2000 அக்டோபரில் இடது முழங்காலுக்கும், 76 வயதில், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் மூட்டு மாற்று செய்துகொண்டார். பொருத்தப்படும் மூட்டுகளில் ஐந்தில் நான்கு 25 ஆண்டுகள் வரை தாங்குகின்றன. எழுபதில் பொருத்திக்கொள்பவருக்குப் பெரும்பாலும் மறு அறுவைக்குத் தேவையே வராது. கால் வில்லாக வளைந்து, முழுதாக நீட்ட முடியாமல், தசை வற்றிப்போகும் வரை காத்திருந்தால் அறுவையும் கடினம், தேறுவதும் தாமதம்.

அதே சமயம், செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பல நேரங்களில் அந்த ஏமாற்றத்துக்குக் காரணம், எதை எதிர்பார்க்கலாம் என்று யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசாததுதான். முதியவரையே கேளுங்கள்: "கால் சரியானா முதல்ல என்னம்மா செய்யணும்?" திருத்தணிப் படியைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல ஏறி முருகனைப் பார்க்க வேண்டும் என்றால், பலருக்கு அது கைகூடும். வலியில்லாமல் தூங்க வேண்டும், கடைக்கு நடக்க வேண்டும் என்றால், அதற்காகவே இந்தச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் தரையில் சம்மணமிட்டுப் பூக் கட்ட வேண்டும், பந்தியில் இலை முன் உட்கார வேண்டும், குத்துக்காலிட்டு வாசலில் கோலம் போட வேண்டும் என்றால், பெரும்பாலும் அது நடக்காது. புதிய மூட்டு பொதுவாக 110 முதல் 120 பாகை வரை மடங்கும். தரையில் உட்கார அது போதாது. மண்டியிடும்போது உறுத்தும்; தழும்பின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்தே இருக்கும். இதையெல்லாம் கேட்ட பிறகும் "பரவாயில்லை, நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று அவரே மனமாரச் சொன்னால்தான் மேலே போக வேண்டும்.

உடல் தயாரா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். இந்த அறுவையில் எல்லோரும் அஞ்சுவது கிருமித் தொற்றை; அது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம், வந்தால் பொருத்திய மூட்டையே எடுக்க நேரலாம். ஆகவே மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 7.5-ஐ ஒட்டி வரும் வரை காத்திருப்பது நல்லது. சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, பாதத்துப் புண், கால் வெடிப்பு எல்லாவற்றையும் முன்னதாகவே ஆற்றிவிட வேண்டும். இரத்தசோகை இருந்தால் சரிசெய்ய வேண்டும். பீடியையும் புகையிலையையும் நிறுத்த வேண்டும். இதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீடும் தயாராக வேண்டும். அறுவைக்கு மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள், சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; உண்மையான வேலை அதன் பிறகு வீட்டில்தான் நடக்கிறது. முதல் ஆறு வாரம் வலி மாத்திரை போட்டுக்கொண்டாவது தினமும் காலை மடக்கி நீட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும். வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் கைப்பிடி, உயரமான கட்டில், வழுக்காத தரை ஆகியவை அறுவைக்கு முன்பே வேண்டும். கூடவே ஒரு மனிதர் வேண்டும். அது மருமகள் என்றால், அவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவருடைய மற்ற வேலைகளில் யார் கைகொடுப்பது என்றும் முடிவு செய்யுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, எல்லைக் கோடு இங்கே குறுக்கே வருகிறது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். நகரிப் பக்கம் இருப்பவர்கள் ஆந்திர அரசின் திட்டத்தை, அதில் சேர்ந்த மருத்துவமனையில் உள்ள திட்ட உதவி மேசையில் விசாரிக்க வேண்டும். 70 வயது நிரம்பிய எவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. எந்த அட்டையானாலும், இந்த அறுவை அதில் அடங்குமா, குறிப்பிட்ட மருத்துவமனையில் செல்லுமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டிலேயே அரசு உச்சவரம்பு விதித்திருக்கிறது. ரசீதில் மூட்டின் விலை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பேர்ட் மருத்துவமனையும் வேலூர் சிஎம்சியும் நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால், இரண்டாவது கருத்துக் கேட்பது இந்த வட்டாரத்தாருக்குக் கடினமில்லை.

கேட்கும்போது முதியவரையே பேச விடுங்கள். தேய்மானம் உட்பக்கம் மட்டும் என்றால் பாதி மூட்டு மாற்று போதுமா, இரண்டு காலும் ஒரே நாளிலா அல்லது இடைவெளி விட்டா என்று அவசியம் கேளுங்கள். இதயக் கோளாறு உள்ள எழுபது வயதுக்காரருக்கு ஒவ்வொன்றாகச் செய்வதே பாதுகாப்பு. ரோபோ கொண்டு செய்வதற்குக் கூடுதல் பணம் கேட்டால், அதனால் பல ஆண்டுகள் கழித்து வலியோ நடையோ மேலும் சிறக்கும் என்பது இன்னும் உறுதியாகவில்லை என்பதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

"இப்போது வேண்டாம்" என்பதும் ஒரு சரியான முடிவே. அப்படி முடிவெடுத்தவர் பயிற்சியை விடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நோட்டைத் திறந்து நடக்கும் தூரத்தையும் இரவு விழிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கால் மேலும் வளைந்தாலோ, முழுதாக நீட்ட முடியாமல் போனாலோ, அடுத்த ஆறு மாதத்துக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.