பிக்கப் வண்டியில் டிஆர்எல்லும் ஆட்டோ ஹெட்லைட்டும்: எங்கே நம்பலாம், எங்கே கையால் போடணும்

ஓசூரில் காய்கறி ஏற்றி, விடியுமுன் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குள் வரும் பிக்கப்புகளைக் கவனியுங்கள். சிலவற்றில் முன்னால் வெள்ளையாக விளக்கு எரியும். பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது. லாரிக்காரர் பின்னால் வந்து இடிப்பது இப்படித்தான்.

அந்த வெள்ளை விளக்குதான் டிஆர்எல் (டேடைம் ரன்னிங் லைட்): பகலில் எதிரே வருபவர் கண்ணில் வண்டி படுவதற்கான விளக்கு. எஞ்சின் ஓடியதும் தானாக எரியும். சில மாடல்களில் ஹேண்ட்பிரேக் இறக்கிய பிறகு. பெரும்பாலான வண்டிகளில் அதோடு டெயில் லைட் எரியாது. புது மீட்டர்கள் எந்நேரமும் ஒளிர்வதால், ஹெட்லைட் போட்டாச்சு என்ற நினைப்பு வந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள். எந்த நிலையில் மீட்டரில் என்ன பச்சைக் குறி வருகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

சுவிட்சை ‘ஆட்டோ’வில் வைத்தால் இருட்டும்போது ஹெட்லைட் தானாக எரியும். அதற்குக் கண், டேஷ்போர்டின் மேல் முன்கண்ணாடியை ஒட்டிய சின்னக் கறுப்புக் குமிழ். சில வண்டிகளில் உள்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். தடித்த துணியால் மூடினால் சில நொடியில் ஹெட்லைட் எரிய வேண்டும். துணியை எடுத்ததும் உடனே அணையாது. மர நிழலிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் விளக்கு மாறி மாறி மினுக்காமல் இருக்க வைத்த தாமதம் அது, கோளாறில்லை. பட்டப்பகலிலும் அணையவே மாட்டேன் என்றால், ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன் டேஷ்போர்டைப் பாருங்கள்: விரிப்போ, சாமி படமோ, டோல் ரசீதோ குமிழை மூடியிருக்கும்.

அந்தக் குமிழ் வெளிச்சத்தை மட்டும்தான் அளக்கும். மத்தியான மழையிலும் தேவனஹள்ளிப் பக்கத்து காலைப் பனியிலும் வானம் வெளுப்பாக இருப்பதால், பகல் என்றே எடுத்துக்கொள்ளும். வைப்பரோடு இணைத்த சில மாடல்கள் மழையைச் சமாளிக்கும், பனியை அல்ல. இந்த இரண்டிலும் கையால் டிம் (தாழ்வாக விழும் ஹெட்லைட்) போடுங்கள். கே.ஆர். சர்க்கிள் மாதிரி அண்டர்பாஸிலும் நுழைந்த பிறகுதான் ஆட்டோ விழிக்கும். சரிவில் இறங்குமுன் நீங்களே போட்டுவிடுவது நல்லது.

லோடு ஏறினால் பின்பக்கம் இறங்கி மூக்கு தூக்கும். டிம் வெளிச்சமும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பல பிக்கப்புகளில் இதற்கென்றே 0 முதல் எண் போட்ட திருகு ஒன்று டேஷ்போர்டில் உண்டு. காலி வண்டியை 0-வில் வைத்து, சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல்விளிம்பைச் சாக்பீஸால் குறியுங்கள். லோடோடு அதே இடத்தில் நிறுத்தி, விளிம்பு கோட்டுக்கு இறங்கும்வரை எண்ணைக் கூட்டுங்கள். லோடு இறக்கியதும் 0-வுக்குத் திருப்ப வேண்டும். மறந்தால் வெளிச்சம் வண்டிக்கு முன்னாலேயே விழுந்து, தூரத்து ரோடு தெரியாது.