ஹைட்ராலிக் சிலிண்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஆயில் அழுத்தத்தால் பாரத்தைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரில் ஆயில் கசிகிறது என்றதும் கை தானாக அந்த இடத்தைத் தடவப் போகும். முதலில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஹைட்ராலிக் லைனில் 200 பார் அழுத்தம் சர்வசாதாரணம், கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 100 மடங்கு. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலிகூட அவ்வளவாக இருக்காது. அதை நம்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், ஆயில் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம். கசிவைத் தேட நீளமான அட்டைத் துண்டு போதும், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: அழுத்தத்தை இறக்குவது

தூக்கிய பாரத்தைத் தரையில் இறக்குங்கள். இறக்க முடியாவிட்டால் உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். ஆயிலை நம்பி அதன் அடியில் போகவே கூடாது. இன்ஜினையோ மோட்டாரையோ நிறுத்திவிட்டு, லீவர்களை இரண்டு பக்கமும் சில முறை அசையுங்கள். அக்யுமுலேட்டர் (அழுத்தத்தோடு ஆயிலைச் சேமித்து வைக்கும் கலம்) இருந்தால் அதிலும் அழுத்தம் தங்கியிருக்கும், அதையும் இறக்க வேண்டும். அப்புறம் ஆயில் ஆறட்டும்.

இரண்டாம் படி: ராடைப் பார்ப்பது

சிலிண்டரிலிருந்து வெளியே நீளும் தண்டுதான் ராடு. அதைத் துடைத்துவிட்டு நகத்தால் மெதுவாக நீளவாக்கில் வருடுங்கள். பளபளப்பான குரோம் பூச்சில் நகம் எங்காவது தட்டினால், ஆயில் வெளியே வராமல் அடைக்கும் வளையமான சீலை அறுப்பது அந்த இடம்தான். அதைச் சரிசெய்யாமல் புது சீல் போட்டால் அதுவும் சீக்கிரமே கிழியும். ராடில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. சொட்டினால்தான் கோளாறு. ராடு வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேலை முடிந்ததும் ராடை முடிந்தவரை உள்ளே இழுத்து வைத்தால் துருவும் தூசியும் அண்டாது.

மூன்றாம் படி: அறிகுறியைப் படிப்பது

திக்கித் திக்கி நகர்ந்தால் பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது. ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வேகம் குறைந்தால் ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

தூக்கிய பாரம் தானாகக் கீழே இறங்கினால் பலரும் நேராக பிஸ்டன் சீலை (சிலிண்டருக்குள் ராடின் முனையில் இருக்கும் பிஸ்டனைச் சுற்றிய சீல்) குறை சொல்லி சிலிண்டரைப் பிரித்துவிடுகிறார்கள். லீவரால் ஆயிலைத் திருப்பிவிடும் கண்ட்ரோல் வால்வு உள்ளுக்குள் கசிந்தாலும் இதேதான் நடக்கும். பிரிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். பாரம் இல்லாமல் ராடை முழுதாக வெளியே நீட்டி, முதல் படியில் சொன்னபடி அழுத்தத்தை இறக்குங்கள். ராடு பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையை மூடுங்கள். ஹோஸ் பூட்டியிருந்த சிலிண்டர் துளையை (போர்ட்) மட்டும் திறந்தே விட்டு, கீழே பாத்திரம் வையுங்கள். அந்தப் போர்ட்டை மூடிவிட்டால் அந்தப் பக்கம் அழுத்தம் பம்ப் தருவதைவிட அதிகமாகிவிடலாம், அதனால் மூடவே கூடாது. இப்போது இன்ஜினையோ மோட்டாரையோ மறுபடி ஓடவிட்டு, தள்ளி நின்று, ராடை நீட்டும் பக்கமே லீவரைத் தள்ளுங்கள். முதலில் தேங்கிய ஆயில் கொஞ்சம் வரும். அது நின்றுவிட்டால் பிஸ்டன் சீல் நன்றாக இருக்கிறது, வால்வைப் பாருங்கள். நிற்காமல் வந்தால் சீல் போய்விட்டது.

பிரிக்கும்போது பிஸ்டனை வெளியேற்ற கம்ப்ரஸர் காற்றைப் பயன்படுத்தாதீர்கள், குண்டுபோலப் பாய்ந்து வரும். திரும்பப் பூட்டியதும் பாரம் இல்லாமல் மெதுவாக நாலைந்து முறை முழுதாக நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அப்புறம் டேங்கில் ஆயில் அளவைப் பாருங்கள்.