உறைபனிக்குத் தப்பும் சர்க்கரைவள்ளி மேடு

பப்புவா நியூகினியின் எங்கா மலைநாட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கே அன்றாட உணவு. உறைபனி விழும் உயரத்திலும் அதை விளைவிக்க அம்மக்கள் கையாளும் மேட்டு முறையை, பனி கொட்டும் நம் கொடைக்கானல் மலையின் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்தில் சிறு அளவில் முயன்று பார்க்கலாம்.

சுமார் 3 மீட்டர் விட்டத்தில் மண்ணை வட்டமாக ஒதுக்கி, நடுக்குழியில் பழைய கொடி, புல், இலைதழை ஆகியவற்றை நிரப்பிச் சில வாரம் மட்கவிட்டு, சூடு தணிந்தபின் சுற்றிலுமுள்ள மண்ணை மேலே இழுத்து மூடி முழங்கால் உயரத்துக்கு மேடாக்குங்கள். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும். ஆகவே கொடித்துண்டுகளை மேட்டின் அடியில் நடாமல் மேற்பகுதியிலேயே நடவேண்டும். விளைய எட்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

வேலி கட்டாயம். அங்கே வளர்ப்புப் பன்றிக்காக அடைக்கிறார்கள். இங்கே காட்டுப்பன்றி அவற்றைவிட மோசம்.