பெயரை நீக்கினால் போதுமா? வளாக இதழ் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தின் நிதியோ மாணவர் சங்கத்தின் ஆதரவோ இல்லாமல் சொந்தமாக ஓர் இதழ் நடத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் புதிய கல்வியாண்டு தொடங்கும்போது யாரோ சிலருக்கு வந்துவிடுகிறது. அவர்களில் சிலர் முதல் இதழின் மெய்ப்பை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. எங்கள் தலைமுறை செய்த பிழைகளை, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, ஏறக்குறைய அதே வரிசையில் அவர்களும் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. எழுத்துப்பிழை, தாமதம், பிறர் கட்டுரையைக் கேட்காமல் எடுத்துப் போடுதல் ஆகியவற்றை இங்கே தொடப்போவதில்லை. அவை தவறு என்பது செய்பவர்களுக்கே தெரியும்.

இலவசத் தாளைச் சட்டம் கண்டுகொள்ளாது என்று எண்ணுதல்

“விற்கவில்லையே அண்ணா, கேன்டீன் மேசையில் சும்மாதானே வைக்கப்போகிறோம்” என்பது நான் அடிக்கடி கேட்கும் சமாதானம். 1974ஆம் ஆண்டின் செய்தித்தாள், அச்சகச் சட்டம் ‘செய்தித்தாள்’ என்பதற்குத் தரும் விளக்கம் மிகப் பரந்தது. செய்தியையோ பொது அக்கறைக்குரிய விவகாரம் பற்றிய கருத்தையோ தாங்கி, விற்பனைக்கோ இலவசமாகவோ, ஒழுங்கான இடைவெளியிலோ ஒழுங்கில்லாமலோ, எந்த மொழியில் அச்சாகி வந்தாலும் அது செய்தித்தாள்தான். அதற்கு அனுமதி வேண்டும். “எந்த மொழியில்” என்பதை நம் பிள்ளைகள் இருமுறை படிக்க வேண்டும். தமிழில் எழுதினால் நிர்வாகத்தில் யாருக்கும் புரியாது என்ற துணிச்சலில், ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் வரிகளை அவர்கள் தமிழில் எழுதிவிடுகிறார்கள். சன்ஷைன் பிளாசாவில் ஓர் அச்சுக்கடையிடம் கோப்பைக் கொடுக்கும் முன், சட்டம் படித்த ஒருவரிடம் அதைக் காட்டுங்கள்.

தவறான இடத்தில் அஞ்சுதல்

புதிதாக இதழ் தொடங்குவோர் எல்லாரும் ‘ஃபஜார்’ வழக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தின் சோஷலிச மன்றம் வெளியிட்ட அந்த இதழில், 1954 மே மாதம் வந்த ‘ஆசியாவில் ஆக்கிரமிப்பு’ என்னும் தலையங்கத்துக்காக எட்டு மாணவர்கள் மீது தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. பிரிட்டிஷ் வழக்கறிஞர் டி. என். பிரிட்டும் அவருக்குத் துணையாக இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூவும் வாதாட, ஆகஸ்டில் எட்டுப் பேரும் விடுதலையானார்கள். பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் தேச நிந்தனைச் சட்டமே 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று ஒரு வளாக இதழ் சிக்கக்கூடிய இடங்கள் வேறு: அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, 2014ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம், இணையத்துக்குப் போனால், அங்கு பரவும் பொய்த் தகவல்களுக்கு எதிரான, ‘பொஃப்மா’ எனப்படும் 2019ஆம் ஆண்டுச் சட்டம்.

அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஆபத்து வந்தபோது அது இதழை வெளியிட்டவர்கள் மீது வந்தது, அதுதான் முறை. இன்றைய வளாக இதழ்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நம்புதல்

இந்த ஒரு தவறுதான் இன்னமும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஏனென்றால், செய்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். நல்ல எண்ணத்தோடு, அறம் பேசிக்கொண்டே செய்கிறார்கள்.

ஒரு வளாகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வுக்கூடமொன்றில் மாணவர்களை இரவு வெகுநேரம் வேலை வாங்குகிறார்கள் என்று ஒரு மாணவி புதிய இதழொன்றிடம் புகார் சொன்னார். செய்தி உண்மை, எழுத்தும் நன்று. ஆனால் கட்டுரையின் இரண்டாம் பத்தி அவரை “பெயர் வெளியிட விரும்பாத, திருச்சியிலிருந்து வந்து படிக்கும் மூன்றாம் ஆண்டு வேதிப்பொறியியல் மாணவி” என்று அறிமுகப்படுத்தியது. அந்த ஆய்வுக்கூடத்தில் அந்த விவரங்கள் அனைத்தும் பொருந்தும் ஆள் ஒருவர்தான். மதிய உணவு நேரத்துக்குள் கட்டடம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. யாரும் அவரைத் திட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை. மேற்பார்வையாளர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தருவதாகச் சொன்ன பரிந்துரைக் கடிதம் கடைசிவரை வரவில்லை. இதழின் ஆசிரியரான தம்பியிடம் கேட்டபோது, “பெயரைப் போடவே இல்லையே அண்ணா” என்று உண்மையான வியப்போடு சொன்னார்.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழர் சிறுபான்மையினர். ஒரு விடுதி மாடியில், ஒரு துறையின் ஓர் ஆண்டு வகுப்பில், நம்மவர்கள் எத்தனை பேர் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரிய சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை மறைக்கும் அளவு விவரம் நம்மவரை மறைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்தவராயின் நிலை இன்னும் மோசம்: அவர் மாணவர் அனுமதி அட்டையில் இந்நாட்டில் தங்கியிருக்கிறார், கல்விக் கட்டண மானியம் பெற்றிருந்தால், பட்டம் பெற்றதும் மூன்றாண்டு இங்கே வேலை செய்யும் ஒப்பந்தமும் இருக்கும். உபகாரச் சம்பளம் பெறுவோருக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. இதழில் பெயர் போட்டுக்கொண்ட ஆசிரியருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. இழப்பு முழுவதும் பெயர் போடாதவருடையது.

ஆகவே கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன், தகவல் தந்தவரைப் பற்றிய ஒவ்வொரு விவரத்தையும் தனித்தாளில் எழுதி, அவை அனைத்தும் பொருந்தக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தால் விவரத்தை வெட்டுங்கள். ஊரைப் பொய்யாக மாற்றி எழுதாதீர்கள், வெட்டுங்கள். “ஒரு மாணவர்” என்பதே பெரும்பாலும் போதும். பிறகு அந்தப் பத்தியைத் தகவல் தந்தவரிடமே காட்டுங்கள். தம்மைக் காட்டிக்கொடுக்கக்கூடியது எது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மேற்கோளும் ஆளைக் காட்டும். “அதைப் பற்றி எங்களோடு கதைக்கவே இல்லை” என்று அப்படியே போட்டால், பேசியவர் இலங்கைத் தமிழர் என்பது படிப்பவர் எவருக்கும் விளங்கும். பேச்சின் சுவை போய்விடுமே என்று இளம் ஆசிரியர்கள் வருந்துகிறார்கள். போகட்டும்.

மின்தடங்கள் அடுத்த தலைவலி. கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் நேரமும் இடமும் பதிந்திருக்கலாம். உரையாடலின் திரைப்பிடிப்பில் யாருடைய செய்திகள் வலப்பக்கம் இருக்கின்றன என்பதைப் பார்த்தே, அந்தத் தொலைபேசி யாருடையது என்பது குழுவில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். கூகல் ஆவணத்தின் திருத்த வரலாறு, எந்தக் கணக்கிலிருந்து யார் எந்த வரியைச் சேர்த்தார் என்பதை வைத்திருக்கிறது. மாணவர் அட்டையைத் தட்டி இயக்கும் அச்சுப்பொறி, யார் எப்போது அச்சிட்டார் என்பதைப் பதிவுசெய்கிறது. வண்ண லேசர் அச்சுப்பொறிகளில் பல, கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் தம் வரிசை எண்ணையே ஒவ்வொரு தாளிலும் பதித்துவிடுகின்றன. எனவே கசிந்த சுற்றறிக்கையைப் படமெடுத்துப் போடாமல், தேவையான செய்தியை மட்டும் உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

தகவல் தந்தவரின் பெயர் இதழில் இரண்டு பேருக்கு மேல் தெரியக்கூடாது. ஆசிரியர் குழுவின் டெலிகிராமில் அந்தப் பெயர் ஒருமுறைகூட வரக்கூடாது. நான் இதைச் சொல்லும்போது, “எங்களுக்குள் எந்த ஒளிவுமறைவும் கிடையாது” என்று பெருமையாகப் பதில் சொன்ன குழு ஒன்று உண்டு. அந்த நேர்மை யாருக்காக என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வளாகத்தில் நடந்த பாலியல் குற்றம் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் இது நாகரிகத்தோடு முடியும் விஷயமும் அல்ல. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும் வெளியிடுவது குற்றம். விடுதியின் பெயரும் வகுப்பு ஆண்டும் சேர்ந்தாலே அது நிகழ்ந்துவிடலாம்.

மறுதரப்பைக் கேட்காமல் அச்சிடுதல்

கேளுங்கள். பதில் வராவிட்டால், எப்போது கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

அதிகாரபூர்வ இதழை எதிரியாக்குதல்

2008இல் எதிர்க்கட்சி அரசியல்வாதி சீ சூன் ஜுவான் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தது பற்றிய செய்தி, அங்குள்ள ‘நன்யாங் குரோனிக்கிள்’ மாணவர் இதழில் வராமல் நிறுத்தப்பட்டது. அதை எதிர்த்து ஹோங் லிம் பூங்காவில் கூடிப் பேசியவர்களும் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்தாம். அதிகாரபூர்வ இதழில் எழுதுபவர்களை ‘அடிமைகள்’ என்று முதல் தலையங்கத்திலேயே ஏசுவது பெரும் மடமை. அவர்களால் வெளியிட முடியாத செய்தி உங்களிடம்தான் வரும்.

புனைபெயரில் ஒளிந்துகொண்டு தனிமனிதரைத் தாக்குதல்

கோழைத்தனம்.

அடுத்தவரிடம் எதை ஒப்படைப்பது என்று யோசிக்காமை

ஆசிரியர்கள் பட்டம் பெற்றுப் போனதும் இதழும் போய்விடுகிறது. மின்னஞ்சல் கணக்கை மீட்பதற்கு ஒருவரின் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அவர் வெளிநாட்டுக்குப் போனதும் கணக்கும் பூட்டிக்கொள்ளும். சிங்கப்பூரில் வெளியாகும் எந்தப் பதிப்பிலும் இரண்டு பிரதிகளை நான்கு வாரங்களுக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி பலருக்குத் தெரியாது. அதைச் சுமையாக எண்ணாமல் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பரண் ஈரத்தில் நனைந்தாலும் இதழ் அங்கே இருக்கும்.

புதிய குழுவுக்கு இதழ்கள், கடவுச்சொற்கள், அச்சுக்கடைக் கணக்கு எல்லாவற்றையும் கொடுங்கள். தகவல் தந்தவர்களின் பெயர் உள்ள குறிப்புகளை மட்டும் கொடுக்காதீர்கள். அவதூறு வழக்குத் தொடர ஆறு ஆண்டு வரை கால அவகாசம் உண்டு என்பதால் அவற்றை உடனே அழிக்கவும் முடியாது. வாக்குக் கொடுத்தவர் எவரோ அவரே தம்மிடம் அவற்றை வைத்திருந்து, அந்தக் காலம் முடிந்ததும் கிழித்துப் போட வேண்டும்.