உடம்பில் தங்கும் ரசாயனங்களைச் சாப்பாட்டால் குறைப்பது எப்படி? கடலூர் வீடுகளுக்கு ஒரு செய்முறை

கடலூர் முதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ரசாயனம் என்றதும் நினைவுக்கு வருவது சிப்காட் தொழிற்பேட்டை வாடைதான். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டபோது கடலூரும் அதில் இருந்தது. வாடை அடித்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். ஆனால் வருடக்கணக்கில் உடம்பில் தங்கும் நஞ்சுகள் பெரும்பாலும் தட்டு வழியாகத்தான் உள்ளே வருகின்றன. குப்பை எரிப்பது போன்றவற்றால் உண்டாகும் டையாக்ஸின் என்ற நஞ்சில் 90 சதவீதத்துக்கும் மேல் மாமிசம், பால், மீன் போன்ற உணவு மூலமே மனிதருக்கு வந்து சேர்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் அடுப்படியில் நம் கைக்கு எட்டிய வேலை நிறையவே இருக்கிறது.

முதலில் எதிரி யார் என்று பார்ப்போம்

டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, மின்சாதன எண்ணெய்களில் இருந்த பிசிபி, டையாக்ஸின் எல்லாம் கொழுப்பில் கரைபவை. உடம்புக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். டையாக்ஸின் பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருடம் ஆகும். டிடிடியை விவசாயத்தில் பயன்படுத்த 1989-லேயே தடை வந்தும், மண்ணில் அதன் எச்சம் இன்னும் இருக்கிறது. இன்னொரு கூட்டம் பிஃபாஸ் (PFAS) என்ற ரசாயனங்கள். எண்ணெய் ஒட்டாத காகிதம், கறை பிடிக்காத துணி போன்றவற்றில் இருப்பது. இது கொழுப்பில் தங்காது, ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதில் பல வகைகள் பாதியாகக் குறையவும் சில வருடங்கள் ஆகும்.

ஆகவே ‘பத்தே நாளில் டீடாக்ஸ்’ பொடிக்குக் காசு கொடுக்காதீர்கள். பேதிக்குச் சாப்பிட்டாலும் கொழுப்பில் இருப்பது அப்படியே இருக்கும்.

சரி, இவை வெளியேற வழியே இல்லையா? இருக்கிறது. கல்லீரல் இவற்றில் கொஞ்சத்தைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளுகிறது. ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பித்தத்தின் பெரும்பகுதியை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். போன நஞ்சும் கூடவே திரும்பி வந்துவிடும். அந்த நேரத்தில் குடலில் நார்ச்சத்து இருந்தால் ஒரு பகுதியைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோகும். 1968-ல் ஜப்பானில் தவிட்டெண்ணெயில் பிசிபி கலந்து ஏராளமானோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பின்னாளில் அரிசித் தவிட்டு நாரைக் கொடுத்துப் பார்த்ததில், மலத்தில் நஞ்சு வெளியேறும் அளவு கூடியது. ஆகவே நாம் செய்யவேண்டியது இரண்டு: வரவைக் குறைப்பது, செலவைக் கூட்டுவது.

படி 1: மீனைப் பார்த்து வாங்குங்கள்

மீனை விடச் சொல்லவில்லை, கடலோரத்தில் இருந்துகொண்டு அது தேவையும் இல்லை. சின்ன மீன் கொஞ்ச காலமே வாழ்வதால் நஞ்சைக் குறைவாகச் சேர்க்கும். பெரிய மீன் பல வருடம் சின்ன மீன்களைத் தின்று, அவற்றில் இருப்பதையெல்லாம் தன் உடம்பில் சேர்த்துவைத்திருக்கும். துறைமுகத்திலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ நெத்திலி, மத்தி, காரப்பொடி இருந்தால் அதை எடுங்கள். பெரிய வஞ்சிரமும் சூரையும் எப்போதாவது போதும்.

ஆயும்போது குடல், செவுள், ஈரல் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். “அக்கா, வயித்துக் கொழுப்பையும் சுரண்டிடுங்க” என்று கேட்டால் மீன்கார அக்கா கத்தி முனையால் வழித்துக் கொடுத்துவிடுவார். பெரிய மீன் என்றால் தோலையும் உரித்துவிடலாம். கல்லில் சுட்டு, வடியும் கொழுப்பை விட்டுவிடுவது நல்லது. குழம்பு வைத்தால் அந்தக் கொழுப்பு குழம்பிலேயே தங்கும். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையைத் தொடவேண்டாம். உப்பனாற்றில் ஆலைக்கழிவு கலக்கும் பக்கம் பிடித்த எதையும் வாங்கவேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று பால்சுறா புட்டு செய்துகொடுப்பது நம் வழக்கம். பாசத்தோடு செய்வதுதான். ஆனால் சுறாவில் பாதரசம் அதிகம். அது சதையிலேயே இருப்பதால் கொழுப்பை நீக்கினாலும் போகாது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சுறா வேண்டவே வேண்டாம், அம்மா. அதே புட்டை நெத்திலியில் செய்யுங்கள்.

படி 2: முட்டை எங்கே மேய்ந்த கோழியுடையது?

பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் குப்பையை எரித்தால் டையாக்ஸின் உண்டாகும். சாம்பல் மண்ணில் விழும். அந்த மண்ணைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழியின் மஞ்சள் கருவில் அது சேரும். குப்பை எரிக்கும் இடத்தை ஒட்டி மேயும் கோழி என்றால் அந்த முட்டையைத் தவிர்த்துவிடுங்கள். தெருவில் எரிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

படி 3: பாத்திரம்

இது பிஃபாஸ் வரவைக் குறைக்க. தோசைக்கு நான்ஸ்டிக் வேண்டாம், இரும்புக்கல் போதும். சூடான எண்ணெய்ப் பண்டத்தை வழவழப்பான பார்சல் காகிதத்தில் வாங்காமல், தூக்கோ டிபன் பாக்ஸோ கொண்டுபோங்கள்.

படி 4: ஒவ்வொரு வேளையும் நார்

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. காலையில் கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ குடிக்கலாம். மதியம் சோற்றைப் பாதியாக்கி, வெண்டைக்காய், அவரைக்காய், முருங்கைக்கீரை என்று காயையும் கீரையையும் இரட்டிப்பாக்கலாம். சாயங்காலம் சுண்டல்.

வழவழப்பான நாருக்குத் தனி மரியாதை உண்டு. ஓட்ஸில் உள்ள அவ்வகை நாரை நான்கு வாரம் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்ட ஆண்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில் சில பிஃபாஸ் அளவுகள் லேசாக இறங்கின. நம் வீட்டில் அப்படி வழவழப்பது வெந்தயம். ஒரு தேக்கரண்டியை இரவில் ஊறப்போட்டால் காலையில் உப்பி, விரலில் எடுத்தால் நூல் இழுக்கும். அதைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்போ சாப்பாட்டோடோ எடுங்கள், பித்தநீர் குடலுக்கு அதிகமாக வருவது அப்போதுதான். சர்க்கரை நோய் மாத்திரை போடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதற்கும் இதற்கும் நல்ல இடைவெளி விடுங்கள். நாரை மெள்ள மெள்ளக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூடவே. இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

படி 5: எடையை அவசரமாகக் குறைக்காதீர்கள்

கொழுப்பு வேகமாகக் கரைந்தால் அதில் இருந்த நஞ்சு ரத்தத்துக்கு வந்துவிடும். மாதம் ஒன்றிரண்டு கிலோ இறங்கினால் போதும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் எடைக்குறைப்பை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். பாலூட்டும்போது பட்டினி கிடக்கக்கூடாது. தாய்ப்பாலிலும் இந்த ரசாயனங்கள் கொஞ்சம் வரும்தான், அதற்காகப் பயந்து பாலை நிறுத்திவிடாதீர்கள். முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள்.