‘பிரெலூட்’ ஆல்பத்தைக் கேட்கும் விதம்

எங்கள் மெல்லிசைக் குழுவுக்குப் புதிதாக வரும் கீபோர்டு பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது பிரேசில் கீபோர்டு கலைஞர் எயுமிர் டியோடாட்டோவின் ‘பிரெலூட்’. ரியோ டி ஜெனிரோவில் 1942-ல் பிறந்தவர். இந்த ஆல்பம் 1972 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டர் ஸ்டூடியோவில் பதிவானது. ஆறே பாட்டு, அரை மணி நேரம் சொச்சம். வரிசை மாற்றாமல் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் மாட்டுங்கள். பேஸ் (அடித்தளத்தில் ஓடும் தாழ்ந்த ஒலி) காதில் விழாவிட்டால் இந்த ஆல்பத்தில் பாதி போய்விடும்.

போடுவதற்கு முன் ஒரு வேலை. முதல் பாட்டின் மூலம், ‘ஆல்ஸோ ஸ்ப்ராஹ் ஜரதுஸ்த்ரா’ என்ற ஆர்கெஸ்ட்ரா இசை, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896-ல் எழுதியது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத் தொடக்கத்தில் வருமே, அதுதான். அந்த ஒன்றரை நிமிடத்தைக் கேளுங்கள். டிரம்பெட் ச-ப-மேல் ச என்று ஏறும். உடனே மொத்த ஆர்கெஸ்ட்ராவும் அந்தர காந்தாரத்தைத் தொட்டுச் சட்டென்று அதற்கு அரை ஸ்வரம் கீழே உள்ள சாதாரண காந்தாரத்துக்கு இறங்கும். இரண்டாம் தடவை அப்படியே தலைகீழ். வாயால் பாடிப் பழகுங்கள்.

இப்போது டியோடாட்டோவுடையதைப் போடுங்கள். ஒன்பது நிமிடம். தாளம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்த ச-ப-ச வரும். முதல் தடவை பேஸையும் பில்லி காபாமின் டிரம்ஸையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை டியோடாட்டோ வாசிக்கும் ஃபெண்டர் ரோட்ஸ் என்ற எலெக்ட்ரிக் பியானோ. அதில் கம்பி கிடையாது. மெல்லிய உலோகக் குச்சியைச் சுத்தி தட்ட, பிக்கப் அந்த அதிர்வை வாங்கி ஒலியாக்கும். மெதுவாகத் தொட்டால் மணி மாதிரி, ஓங்கி அடித்தால் கரகரக்கும். இந்தக் கரகரப்பு எங்கெங்கே வருகிறதென்று கவனியுங்கள். அதைவிட முக்கியம், டியோடாட்டோ கையை எடுக்கும் இடங்கள். அவர் அடிப்படையில் அரேஞ்சர், எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டுமென்று அமைப்பவர். ஜான் ட்ரோபியாவின் கிதார் பேசும்போது கீபோர்டு எவ்வளவு அடக்கமாக நிற்கிறது பாருங்கள்! நம் பிள்ளைகள் பாடகர் மூச்சுவிடும் இடத்தையெல்லாம் நிரப்புகிறார்கள். எனக்கு மனசு வலிக்கும்.

இரண்டாவது, மூன்றாவது பாட்டுகள் இளைப்பாற. ஐந்தாவது பாட்டின் மூலம் டெபுஸி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளருடையது, அதில் ஹூபர்ட் லாஸின் புல்லாங்குழலைத் தவறவிடாதீர்கள். கடைசிப் பாட்டு ‘செப்டம்பர் 13’, காபாமும் டியோடாட்டோவும் சேர்ந்து எழுதியது. அது முடிந்ததும் கீபோர்டில் உட்கார்ந்து, இடது கையால் மட்டும் அதன் பேஸை வாசித்துப் பாருங்கள். வலது கை மடியிலேயே இருக்கட்டும்.